கன்னிக்காலுக்கு முறித்த முருக்கு

அக்காவின் கலியாணத்துக்கு என்னிடம் கேட்கப்பட்டது ஒரேயொரு சாமான்தான். ஒரு தடி.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சில நாள் முந்தி, பெண்வீட்டு முற்றத்தில் முள்முருக்கந்தடி ஒன்றை நடுவார்கள். அதுதான் கன்னிக்கால். மஞ்சள் பூசி, நுனியில் மாவிலை கட்டி, வெள்ளைத் துணியில் ஒரு காசை முடிந்து, நல்லநேரம் பார்த்து ஊன்றுவார்கள். அது துளிர்த்தால் பெண்ணின் வாழ்வும் துளிர்க்கும். பட்டுப்போனால் முற்றத்தில் நின்று யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். கரைவலை இழுக்கும்போது, கயிற்றோடு கயிறாக, மெல்லச் சொல்வார்கள்.

அப்பா திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லிக் கடற்கரையில் வலை இழுப்பவர். அம்மாவும் அக்காவும் கருவாடு போடுகிறவர்கள். அம்மாவுக்கு முதுகு ஏலாமல் போனபோது அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மீன் கீற உட்கார்ந்தாள். நான் விடாமல் படித்தேன். எங்கள் வீட்டிலிருந்து கம்பசுக்குப் போன முதல் ஆள் நான். தாவரவியல் என்ற சொல் அப்பாவுக்கு வாயில் வராது. கேட்கிறவர்களிடம் "மோன் மரம் படிக்கிறான்" என்பார்.

"மரத்துக்கு என்னடா படிப்பு? நட்டா வளருது" என்பார் மாமா, அம்மாவின் தம்பி.

அக்காவுக்கு இது முதல் கன்னிக்கால் அல்ல. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சம்பந்தம் சரிவந்தது. கன்னிக்காலை மாமாதான் முறித்துவந்து ஊன்றினார். அதற்கும் கலியாணத்துக்கும் நடுவிலிருந்த சில நாளுக்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். பந்தலைப் பிரித்தோம். வாடகைக் கதிரைகளைத் திருப்பி அனுப்பினோம். தடியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பிடுங்கினால் அதுவும் ஒரு தோஷமாகிவிடுமோ என்ற பயம். அது முற்றத்தில் நின்றபடியே காய்ந்தது. அக்கா கிணற்றடிக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் சமையல் குசினிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போவாள்.

கம்பசில் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு வந்திருந்த நான் ஒருநாள் அந்தத் தடிக்குப் பக்கத்தில் குந்தினேன். பெண்கள் சீவியதில் தப்பிய முள் அடிப்பட்டையில் கூம்பு கூம்பாக நின்றது. ஆனால் முருக்கின் முள்ளைவிட அடி பருத்தது. மாமாவைக் கேட்டு, அவர் முறித்த மரத்தைத் தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால் நின்றது. அண்ணாந்து பார்த்தேன். இலை விரித்த கைபோல இருந்தது. ஒரு காம்பின் நுனியிலிருந்து ஐந்தும் ஆறுமாகச் சிற்றிலைகள். அது முருக்கல்ல, இலவு. இரண்டும் இலை உதிர்த்து நிற்கும் காலத்தில், முள்ளை மட்டும் பார்த்து மாமா முறித்திருக்கிறார்.

இலையைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினேன்.

"அக்கா, இது முருக்கே இல்லை."

அவள் கையில் கத்தியும் பாதி கீறிய மீனும் இருந்தன. இலையைப் பார்த்தாள், பிறகு தடியைப் பார்த்தாள்.

"அப்ப என்ரை தலையெழுத்து இல்லையோ?"

"இல்லை. மாமா பிழையான மரத்திலை முறிச்சவர். அவ்வளவுதான்."

அக்கா சிரித்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! கையைக்கூடக் கழுவாமல் எழும்பிப் போய் அந்தத் தடியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள்.

தடி ஒன்று கலியாணத்தைத் தாங்கி நிற்கும் என்று நான் நம்புகிறவன் அல்ல. ஆனால் அவளுடைய முகம் அப்போது தெளிந்ததை நான் பார்த்தேன். அவள் கீறிய மீனெல்லாம் என் படிப்பாகி, அந்தப் படிப்பு ஒரு நாளாவது அவளிடம் திரும்பி வந்தது என்று நினைத்தேன்.

மாமாவுக்குத்தான் கோபம். "முள் கிடந்தது, முறிச்சனான். முள்ளிட்டை அடையாள அட்டை கேக்கச் சொல்லுறியோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு இலங்கைத்துறையிலிருந்து அத்தானின் சம்பந்தம் வந்தது. சொந்த வள்ளம், அதிகம் கதையில்லாத மனிதர். மாசியில் கலியாணம் என்று நாள் வைத்ததும் அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"இந்தமுறை கன்னிக்கால் தம்பிதான் முறிக்கவேணும். அவனுக்குத்தான் மரம் தெரியும்."

அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் நான் அலைந்தேன்.

முருக்கு முந்தியெல்லாம் கரையோரத்தில் வேலிக்கு வேலி நின்றதாம். இப்போது அருமை. எள்ளளவுக் குளவி ஒன்று இளம் இலையிலும் காம்பிலும் முட்டையிடும். அந்த இடமெல்லாம் கட்டிகட்டியாக வீங்கும், இலை சுருளும், மரம் மெல்லச் சாகும். நிலாவெளிப் பக்கம் நான் கண்ட இரண்டு மரங்களும் அப்படித்தான் வீங்கிக் கிடந்தன. வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அக்காவிடம் விளக்கிச் சொல்வேன். அவள் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே, "பிறகு? பட்டே போயிடுமோ?" என்று கேட்பாள். ஒருவர் என் படிப்பை இவ்வளவு ஆசையாய்க் கேட்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

கடைசியில் பஸ்சிலிருந்துதான் கண்டேன். கண்டி வீதியில், கப்பல்துறையைத் தாண்டும்போது, ஒரு வீட்டு வளவுக்குப் பின்னால் இலையே இல்லாத கிளைகளில் சிவப்பு. அடுத்த தரிப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

சிவப்பைக் கண்டவுடன் நம்பக்கூடாது. இலவும் வெறுங்கிளையில் சிவப்பாய்த்தான் பூக்கும். கீழே விழுந்து கிடந்த பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். இலவம்பூ தடித்த ஐந்து இதழும் ஒரே அளவில் விரிந்து கிண்ணம்போல இருக்கும். இது அப்படியில்லை. ஒரேயொரு பெரிய இதழ், பாய் விரித்த மாதிரி நிமிர்ந்து நின்றது. மற்ற நாலும் அதன் அடியில் ஒடுங்கிக் கிடந்தன. வெளியுறை ஒரு பக்கமாக மட்டும் கிழிந்திருந்தது. அவரைக் குடும்பத்துப் பூ. எங்கள் வீட்டுப் பயற்றங்கொடியின் பூவைப் பெரிதாக்கிச் சிவப்பில் தோய்த்தால் இதுதான். முள்ளைப் பார்த்தேன்: சின்னது, கறுத்தது, கூர். ஒரு தாழ்ந்த கிளையில் மட்டும் இளந்துளிர் வந்திருந்தது. காம்புக்கு மூன்று சிற்றிலை. நடுவிலை நீளத்தைவிட அகலம் கூட. லென்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வீக்கமும் இல்லை. சுத்தமான மரம்.

"ஆட்டுக்கோ, கலியாணத்துக்கோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வளவுக்காரி. ஒரு ஆட்டுக்குட்டியை இடுப்பில் வைத்திருந்தாள்.

"கலியாணத்துக்கு அன்ரி. அக்காவுக்கு."

"முருக்குக் கேட்டு வாறவை ரெண்டு சாதிதான். ஆடு வளக்கிறவை, பொம்பிளை குடுக்கிறவை. நீர் என்ன, பூவுக்குள்ளை கண்ணை விட்டுக்கொண்டு நிக்கிறீர்? முறியும் முறியும், வெயில் ஏறுது."

முறித்தேன். முழங்கையெல்லாம் கீறல். சாக்கில் சுற்றிக்கொண்டு ஏறியபோது கொண்டக்டர், "தம்பி, முள்ளோடை நடுவிலை நில்லாதேங்கோ, சனத்தின்ரை உடுப்பைக் கிழிச்சா நான்தான் பதில் சொல்லவேணும்" என்று என்னைக் கடைசி மூலைக்கு அனுப்பினார். திருகோணமலை வரைக்கும் அந்தத் தடியை ஒரு குழந்தையைப்போலப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அக்காவிடம் துளிரைக் காட்டினேன். "இதுதான் அடையாளம் அக்கா. மூண்டு இலை."

"மூண்டு இலை" என்று அவளும் சொன்னாள். "நடுவிலை அகலம். சரியோ?"

"சரி."

அவள் தடியை வாளித் தண்ணீரில் நிறுத்திக் குசினி மூலையில் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. மணப்பெண்ணின் கை படும் தடியில் முள் இருக்கக்கூடாதென்று, நடுவதற்கு முந்திப் பெண்கள் அதைச் சீவி எடுத்துவிடுவார்கள். முள் போய், மஞ்சளும் பூசிவிட்டால் எந்தத் தடியும் ஒரு தடிதான்.

கன்னிக்கால் ஊன்றுகிற காலை என்னை ஐயரைக் கூட்டிவர மோட்டார் சைக்கிளில் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது தடி முற்றத்துக்கு வந்திருந்தது, சீவி, மஞ்சள் பூசி, துணி சுற்றி. நான் அதன் பக்கத்தில் நின்று சொந்தக்காரருக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். இலவு எது, முருக்கு எது, குளவி என்ன செய்யும். மாமா குழி தோண்டிக்கொண்டே, "இந்தமுறை தடி கம்பஸ் முடிச்சுப் பட்டமும் வாங்கிக்கொண்டல்லோ வந்திருக்கு" என்றார். முற்றம் முழுக்கச் சிரிப்பு. அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். அக்கா குனிந்து பால் ஊற்றினாள்.

பின்வளவில் சமையல். அடுப்புப் பற்றாமல் வீடெல்லாம் புகை. சமையல்காரர் இருமி இருமிக் கத்தினார்: "ஆரப்பா இந்தப் பச்சைக் கொட்டன் விறகை அடுப்புக்குள்ளை தள்ளினது?" நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தேன்.

கலியாணம் நல்லபடி நடந்தது. அத்தான் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். நான் கம்பசுக்குத் திரும்பினேன். சில கிழமையில் அக்கா போனில் ஒரு படம் அனுப்பினாள். தடியின் கணுவில் பச்சையாய் இரண்டு முளை. கீழே, "தம்பி, துளிர்த்திட்டுது." நான் அதை என் வட்ஸப் ஸ்டேட்டசில் போட்டேன். கூடப் படிக்கிற சிநேகிதன் ஒருவன் எழுதினான்: "மச்சான், கிளிசரியா மாதிரிக் கிடக்கு."

கிளிசரியா என்றால் வேலிக்கு நடுகிற சீமைக்கிளுவை. முள்ளில்லாத மரம், வெளியிலிருந்து வந்த மரம். வெட்டிப் போட்ட இடத்தில் முளைக்கும்.

"விசரா, நானே பூவைப் பாத்து முறிச்சது" என்று பதில் போட்டேன். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு முளையை வைத்து இலை தெரியாமல் பேசாதே என்று அவனுக்குப் பாடமே எடுத்தேன்.

வைகாசியில் வீட்டுக்குப் போனேன். வேலிப் படலையைத் திறந்தவுடனேயே கண்டுவிட்டேன். கிட்டப் போகத் தேவையிருக்கவில்லை. நீண்ட காம்பு. அதன் இரண்டு பக்கமும் சோடி சோடியாகச் சிற்றிலைகள், நுனியில் ஒன்று. இலங்கையில் எந்த வேலியிலும் பார்க்கிற இலை. ஆனாலும் கிட்டப் போனேன். ஓர் இலையைப் பிடித்து எண்ணினேன். மூன்றோடு நிற்காதா என்று எண்ணினேன்.

அக்கா அரிசி கழுவிய தண்ணீரோடு வந்தாள், அதற்கு ஊற்ற.

"அக்கா, என்ரை தடி எங்கை?"

"அதுதானே நிக்குது."

"அக்கா."

அவள் சட்டியை நிலத்தில் வைத்தாள். "எரிச்சாச்சு" என்றாள்.

புகை என் கண்ணுக்குள் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"ஆர் மாத்தச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான். நீ ஐயரிட்டைப் போன நேரம் மாமாதான் வேலியிலை முறிச்சுத் தந்தவர்."

"அம்மாவுக்கு?"

"எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும். அந்த முற்றத்துச் சிரிப்பை நான் மீண்டும் ஒருமுறை கேட்டேன். குழிக்குப் பக்கத்தில் நின்று, முள் எப்படி இருக்கும், இலை எப்படி இருக்கும் என்று ஒரு வேலித்தடியைக் காட்டிக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன என்னையும் கண்டேன்.

"நான் கொண்டந்தது நோயில்லாத மரம் அக்கா. பாத்துப் பாத்து முறிச்சனான்."

"தெரியும். ஆனா குளவி வரும், இலை சுருளும், பட்டுப்போகும் எண்டு நீதானே ஒவ்வொரு நாளும் சொன்னனீ? உன்ரை கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பயம் பிடிச்சது. கிளிசரியா எண்டால் எறிஞ்சாலும் முளைக்கும். திரும்பவும் ஒரு பட்ட தடியைப் பாத்துக்கொண்டு எனக்கு இந்த முத்தத்திலை இருக்க ஏலாது தம்பி."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பியோ? லென்சையும் தூக்கிக்கொண்டு முத்தத்திலை நிண்டிருப்பாய்."

அது உண்மைதான். அதனால் இன்னும் வலித்தது.

"அப்ப அந்த முதல் தடி இலவு எண்டு நான் சொன்னது? அதையும் நீங்கள் நம்பேல்லையோ?"

அவள் தடியின் அடியில் ஒரு புல்லைப் பிடுங்கினாள். பிறகு, "அதை நம்பினனான்" என்றாள். "அண்டைக்கு எனக்கு அது வேணுமாயிருந்தது."

இன்றைக்கு வேண்டாம் என்பதை அவள் சொல்லவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன். என் படிப்பு அவளுக்கு வேண்டிய நாளில் உண்மை, வேண்டாத நாளில் அடுப்புக்கு. அவள் என்னை ஏமாற்றியதைவிட, ஏமாற்றிவிட்டு அந்தப் படத்தை அனுப்பியதுதான் எனக்கு ஆறவில்லை. "தம்பி, துளிர்த்திட்டுது." ஆருக்காக அதை எழுதினாள்?

நாங்கள் அப்படி நிற்கும்போதே பக்கத்து வீட்டு மாமி படலையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டா. அவவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம்.

"படிச்ச பிள்ளை வந்திட்டீரோ? உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அக்கான்ரை முருக்கு என்ன மாதிரிச் செழிச்சு நிக்குது, கண்படப்போகுது! எங்கடை பிள்ளைக்கும் இதிலையே ஒரு தடி முறிச்சுத் தாரும். நல்ல ராசியான மரம். முருக்குத்தானே இது, தம்பி? நீர் சொன்னாச் சரி."

அக்கா என்னைப் பார்த்தாள். குனிந்து சட்டியை எடுத்துக்கொண்டாள். நான் "இல்லை" என்று ஒரு சொல் சொன்னால் பொழுது படுமுன் கரையெல்லாம் அந்தக் கதைதான். அத்தானின் காதுக்கும் போகும். "ஓம்" என்றால் ஒரு வேலித்தடிக்கு முருக்கென்று நானே சாட்சி சொன்னதாகும், இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து.

"இது இளசு மாமி. இப்ப வெட்டினாத் தாங்காது" என்றேன். "நீங்கள் யோசிக்காதேங்கோ. உங்களுக்கு நான் தாய்மரத்திலையே முறிச்சுத் தாறன்."

மாமி சந்தோஷமாய்ப் போனா. அக்கா மூச்சு விட்டாள். "நல்ல பிள்ளை" என்று என் தோளைத் தொட வந்தாள். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆவணியில் மறுபடியும் கப்பல்துறைக்குப் போனேன். இந்தமுறை பூ இல்லை, மரம் முழுக்க இலை. மூன்று மூன்றாக. நான் முந்தி முறித்த இடத்தில் புதுக்கிளை எழும்பியிருந்தது.

"திரும்பவும் கலியாணமோ?" என்றாள் வளவுக்காரி. "உமக்கு ஒரு ஆடு வாங்கிறது லேசு."

மாமி வீட்டில் பெண்கள் கத்தியோடு வந்தார்கள், முள் சீவ. நான் தடியைக் கொடுக்கவில்லை.

"சீவவேண்டாம் மாமி. முள்ளோடையே நடுங்கோ."

"பொம்பிளைக்குக் குத்தாதோ தம்பி?"

"குத்தட்டும். முருக்கெண்டா குத்தும்."

"படிச்சதுகளின்ரை புதுப்பாஷன்" என்று யாரோ சொன்னார்கள். மாமி யோசித்துவிட்டு விட்டுவிட்டா. தடி குழிக்குள் இறங்கி மண் மூடும்வரைக்கும் நான் ஒரு அடி அசையவில்லை. மாமாவும் ஒரு கை பிடித்தார். "இதென்ன சனியன்" என்று கையை உதறினார். என்னைப் பார்க்கவில்லை.

பால் ஊற்றவந்த சுமங்கலிப் பெண்களில் அக்காவும் ஒருத்தி. முறை வந்ததும் தடியைப் பிடிக்கக் கை நீட்டினாள். முள்ளைக் கண்டு கை நின்றது. பிறகு பிடித்தாள், கொஞ்சம் அழுத்தியே பிடித்தாள். பாலை ஊற்றிவிட்டுப் பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் மாவிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தடி துளிர்த்ததா என்று நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அக்காவின் முற்றத்து மரம் கூரையைத் தாண்டிவிட்டது. வருகிறவர்களிடம் அம்மா அதைத் "தம்பி கொண்டந்த முருக்கு" என்று காட்டுகிறாளாம். வருகிற தையில் அது பூக்கும். வெளிறிய ரோஸ் நிறத்தில், கிளை நிறையப் பூக்கும். அதைப் பார்த்தும் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.